யோகலிங்கம் அண்ணையும் ஊதுற மெசினும்

யோகலிங்கம் அண்ணையைப் பற்றி எழுதப்போகிறேன், பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்டேன்.

"பெயரைப் போடுங்கோ தங்கச்சி. எந்தப் பிராண்ட் சிகரெட் குடிச்சனான் எண்டதை மட்டும் போடாதையுங்கோ. கம்பனிக்காரன் அதையும் விளம்பரமாக்கிப் போடுவான்" என்றார்.

போடவில்லை. மற்றதெல்லாம் போடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. என் பெயர் பெர்னடெற். 2009இல் டூட்டிங்கில் ஒரு ஹெல்த் சென்ரரில் வேலை செய்தேன். சிகரெட்டை விட நினைக்கிறவர்களுக்கு உதவுவதுதான் வேலை. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் மேல்மாடி அறையில் கதிரைகளை வட்டமாகப் போட்டு ஆட்களைப் பேசவைப்பேன். தோளில் ஒட்டுகிற நிக்கொட்டின் பிளாஸ்ரர் கொடுப்பேன். பிறகு ஊதுற மெசின். கைக்குள் அடங்குகிற ஒரு பெட்டி. பதினைந்து செக்கன் மூச்சைப் பிடித்து அதற்குள் ஊதினால், உடம்பில் எவ்வளவு கார்பன் மொனொக்சைட் இருக்கிறதென்று இலக்கம் காட்டும். பத்துக்குக் கீழே என்றால் ஆள் புகைக்கவில்லை. பத்தும் அதற்கு மேலும் என்றால் ஆள் கள்ளன். நாலு கிழமை தாக்குப்பிடித்து மெசினிலும் தப்பினவருக்கு ஒரு சேர்ட்டிபிக்கட்.

பிரித்தானியாவில் அப்போது வளர்ந்தவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் புகைக்கிறார் என்று கணக்கு. எங்கள் ஆட்களைக் கேட்டால் ஒருவருமே இல்லை. "சீ, நான் எப்பவோ விட்டிட்டன் அக்கா. என்ரை ஃபிரெண்ட் ஒருத்தன்தான் விடமாட்டன் எண்டு நிக்கிறான்" என்பார்கள். அந்த ஒரு ஃபிரெண்ட்தான் டூட்டிங் முழுவதும் திரிந்து புகைக்கிறான். அவனை ஒருநாள் பிடித்துவிட்டால் எனக்கு வேலையே இருக்காது.

யோகலிங்கம் அண்ணைக்கு அறுபத்தொரு வயது. அப்பர் டூட்டிங் றோட்டிலிருந்து பிரிகிற ஒரு குறுக்குத்தெருவில் மூலைக்கடை வைத்திருக்கிறார். பேப்பர், பால், ரெலிபோன் காட், முதுகுக்குப் பின்னால் சுவர் நிறைய சிகரெட். அதற்கு முன் பதினைந்து வருடம் ஜேர்மனியில் இருந்தவர். அங்கே தெருச் சுவரில் ஒரு பெட்டி தொங்கும், சில்லறையைப் போட்டால் சிகரெட் விழும். "ஒருத்தற்றை முகத்தையும் பாக்காமல் வாங்கலாம் தங்கச்சி, என்ன ஒரு நாகரிகமான நாடு" என்று இன்றைக்கும் சொல்லுவார். மகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்து, தானே சிகரெட் விற்கத் தொடங்கினார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவன் வந்தால் விரட்டிவிடுவார். மற்றவர்களுக்குப் படம் பார்த்துக் கொடுப்பார்.

படம் என்றால், பெட்டிகளில் படம் போடவேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. அழுகின பல்லு, கறுத்த நுரையீரல், தொண்டைக் கட்டி. வாடிக்கையாளர்கள் அதிலே தெரிவு செய்யத் தொடங்கினார்கள். "அந்தத் தொண்டை வேண்டாம், பல்லைத் தா" என்பான் ஒருவன். ஆண்மை குறையும் என்று சொல்லுகிற பெட்டியைக் கடைசிவரை ஒருவனும் வாங்கமாட்டான். அவை தட்டில் தேங்கித் தேங்கி, கடைசியில் யோகலிங்கம் அண்ணையே அவற்றைக் குடித்து முடித்தார். "எனக்கு அறுபத்தொண்டு, இனி என்ன போறது" என்பது அவருடைய நியாயம்.

இவ்வளவையும் அவர் ஒளித்துத்தான் செய்தார். இருபது வயதில் தகப்பனுக்கு ஒளித்தார், பிறகு தமையனுக்கு, பிறகு மாமனாருக்கு. மூத்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்து, இனிமேல் நிமிர்ந்து நின்று பிடிக்கலாம் என்று இருந்த நேரத்தில் மருமகன் வந்து சேர்ந்தார். றமணன், முப்பத்திநாலு வயது, ஏசி பூட்டுகிற வேலை, நல்ல பிள்ளை. மருமகனுக்கு முன்னால் மாமனார் புகைப்பது மரியாதைக் குறைவு. மாமனாருக்கு முன்னால் மருமகன் புகைப்பது அதைவிடக் குறைவு. ஆகவே இரண்டு பேரும் ஆறு வருடமாக ஒருவருக்கொருவர் ஒளித்தார்கள்.

2007இல் கட்டடங்களுக்குள் புகைக்கக்கூடாது என்று சட்டம் வந்ததோடு பாடு பெரும்பாடாகிவிட்டது. முந்தி மண்டபங்களில் ஆளுக்கொரு மூலை இருந்தது. இப்போது எல்லாருக்கும் ஒரே ஒரு பின்கதவு. கலியாண வீடுகளில் நானே பார்த்திருக்கிறேன். மாமா வெளியே வந்தால் மருமகன் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் குந்துவார். மருமகன் வந்தால் மாமா யாருடையதோ காருக்குள் ஏறி இருப்பார். ஒருநாள் அந்தக் கார் மாப்பிள்ளை பொம்பிளையோடு புறப்பட்டே விட்டது.

2009 தொடக்கத்தில் எங்களுக்குச் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. வன்னியிலிருந்து வருகிற செய்தியைக் கேட்டுக் கேட்டு, பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்று நின்று, வைகாசியில் எல்லாம் முடிந்தபோது யோகலிங்கம் அண்ணை ஒரு நாளைக்குப் பத்திலிருந்து முப்பது சிகரெட்டுக்கு வந்திருந்தார். அந்த வருடத்தில் அந்த வீட்டுக்கு வந்த ஒரே நல்ல செய்தி, மகள் கோசிகா பிள்ளைத்தாச்சி என்பதுதான்.

கோசிகா கணக்காளர். சொன்னால் சொன்னதுதான். மிட்வைஃப் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை வரிக்கு வரி படித்துவிட்டுச் சட்டம் போட்டாள். சிகரெட் குடிக்கிறவர் எவரும் பிள்ளையைத் தூக்க முடியாது. தகப்பன் உட்பட, தாத்தா உட்பட. நாலு கிழமைச் சேர்ட்டிபிக்கட் கொண்டுவந்தால் யோசிக்கலாம். கணவனைத் தனியே கூப்பிட்டு, "அப்பாக்குத் தெரியவேண்டாம், செவ்வாய்க்கிழமை பெர்னடெற் அக்காட்டைப் போங்கோ" என்றாள். தகப்பனையும் தனியே கூப்பிட்டு, "அவருக்குத் தெரியவேண்டாம், செவ்வாய்க்கிழமை பெர்னடெற் அக்காட்டைப் போங்கோ" என்றாள். எனக்கு மட்டும் போன் எடுத்து, "அக்கா, ரெண்டு பேரும் வருவினம், பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

ஒக்ரோபர் கடைசிச் செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு றமணன் வந்து யன்னலோரக் கதிரையில் இருந்தார். ஐந்து முப்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. யோகலிங்கம் அண்ணை ஒரு காலை உள்ளே வைத்து, மருமகனைக் கண்டு, மற்றக் காலை வெளியிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மருமகன் எழும்பி நின்றார். வட்டத்தில் இருந்த மற்ற ஆட்கள், ஒரு பஸ் றைவர், இரண்டு ஐரிஷ் கிழவிகள், ஒரு போலந்துக்காரன், எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"வாங்கோ மாமா. நான் ஒரு ஃபிரெண்டை இறக்கிவிட வந்தனான்."

"நல்லது தம்பி. நானும் கடைக்கு ஒட்டுற நோட்டீஸ் ஒண்டு எடுக்கத்தான் வந்தனான்."

"ஃபிரெண்ட் இன்னும் வரேல்லை."

"நோட்டீசும் இன்னும் அடிச்சு முடியேல்லையாம்."

இரண்டு பேரும் வட்டத்தின் இரண்டு அந்தங்களில் இருந்தார்கள். நோட்டீஸ் அடிபட்டு முடியவேயில்லை. ஃபிரெண்ட் வரவேயில்லை. தன் முறை வந்தபோது யோகலிங்கம் அண்ணை கூரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் விடியக்காலமை எழும்பின உடனை ஒண்டு பத்தவேணும் எண்டு துடிக்கிறார். அவருக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார். றமணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "என்ரை ஃபிரெண்டுக்கும் அதே பிரச்சினைதான்" என்றார். மெசினில் ஊதும் நேரம் வந்தது. ஃபிரெண்டுக்காக ஊத முடியாதே. ஒருவரைக் கிழக்குச் சுவரையும் மற்றவரை மேற்குச் சுவரையும் பார்த்து நிற்கவைத்து ஊதவைத்தேன். மாமாவுக்கு முப்பத்தொன்று, மருமகனுக்கு இருபத்திரண்டு. அந்த இலக்கங்களை நான் சைகையால் சொன்னேன். ஐரிஷ் கிழவிகள் சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு இருமல் தொடங்கிவிட்டது.

எனக்கு அந்த இடத்தில்தான் மண்டையில் உறைத்தது. ஒன்றரை மணித்தியாலம் இரண்டு பேரும் அறையில் இருந்தார்கள். நடுவில் தேத்தண்ணிக்கு விட்டபோது மற்ற எல்லாரும் கடைசியாக ஒன்று இழுக்கக் கீழே ஓடினார்கள். இவர்கள் இரண்டு பேரும் அசையவில்லை! ஒருவர் இருக்கும்வரை மற்றவரால் வெளியே போக ஏலாது. என் பிளாஸ்ரர், மாத்திரை, பேச்சு எல்லாவற்றையும் விடக் கெட்டியான மருந்து அங்கே எதிரெதிர்க் கதிரையில் இருந்தது.

அடுத்த செவ்வாய், நவம்பர் மூன்று, விடுகிற நாள் என்று குறித்தேன். இரண்டு பேரையும் தனித்தனியே கூப்பிட்டு ஒரே கதையைச் சொன்னேன். "அண்ணை, மருமகனை விட்டு விலகாதையுங்கோ." "றமணன், மாமாவை விட்டு விலகாதையும்." ஏன் என்று இருவருமே கேட்கவில்லை.

ஐந்தாம் திகதி இரவு, வெள்ளைக்காரரின் வாணத் திருநாளுக்கு ஊரெல்லாம் வாணம் விட்டுக்கொண்டிருக்கப் பிள்ளை பிறந்தான். கோசிகா எங்கள் வழக்கப்படி தாய் வீட்டுக்கு வந்தாள், றமணனும் கூடவே வந்தார். பிறகென்ன, மாமாவும் மருமகனும் ஒட்டிக்கொண்டார்கள். றமணன் லீவு போட்டுவிட்டுக் கடையில் நின்றார். மாமா பால் வாங்கப் போனால் மருமகனும் பால் வாங்கப் போனார். மருமகன் காருக்கு எண்ணெய் அடிக்கப் போனால் மாமா முன் சீற்றில். கலாவதி அக்கா, அதாவது யோகலிங்கம் அண்ணையின் மனைவி, எனக்குப் போன் எடுத்தா.

"பெர்னடெற், இவருக்கு என்ன பிடிச்சுதெண்டு தெரியேல்லை. என்னோடை இருவத்தெட்டு வருசம் இருக்கிறார், ஒருநாளும் என்னோடை சந்தைக்கு வந்ததில்லை. இப்ப மருமோன் குளிக்கப்போனால் கதவடியிலை கதிரை போட்டுக்கொண்டு இருக்கிறார்!"

"பாசம் அக்கா" என்றேன். வேறென்ன சொல்ல.

அந்தக் கார்த்திகையில்தான் கடைகளில் சிகரெட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கவேண்டும் என்று சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வரச் சில வருடம் ஆகும் என்றார்கள். கேள்விப்பட்ட யோகலிங்கம் அண்ணை, "இதுக்கு ஒரு சட்டமோ? நான் நாப்பது வருசமாய் மறைச்சுத்தானே வைக்கிறன்" என்றார்.

மூன்றாம் கிழமை ஒரு விற்பனைப் பிரதிநிதி கடைக்கு வந்து எலெக்ட்ரோனிக் சிகரெட் ஒன்றை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனான். அப்போது அது புதுச் சாமான். பார்வைக்கு அசல் சிகரெட், இழுத்தால் நுனியில் சிவப்பு லைற் எரியும், ஆவி வரும். சட்டம் இதைத் தொடாது, எங்கேயும் பிடிக்கலாம் என்று அவன் சொல்லியிருக்கிறான். அண்ணை ஒரு தரம் இழுத்தார். அந்த நேரம் பார்த்து றமணன் உள்ளே வந்தார். நாற்பது வருடப் பழக்கம், கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் சாமான் அணையவில்லை. விரலிடுக்கால் சிவப்பு வெளிச்சம் மின்னி மின்னி, பின்னாலிருந்த கண்ணாடிக் கதவில் நன்றாகத் தெரிந்தது. றமணன் பாண் தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அன்றைக்கே எனக்குப் போன். "தங்கச்சி, இது சிகரெட்டோ, இல்லையோ? மருமோனுக்கு முன்னாலை பிடிக்கலாமோ?"

நான் மேலிடத்தைக் கேட்டேன். மேலிடம் தனக்கு மேலிடத்தைக் கேட்டது. ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குள் அண்ணை தானே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஒளிக்கச் சொல்லிக் கை போகுதெண்டால் அது சிகரெட்தான் தங்கச்சி." கோட்டுப் பொக்கற்றில் போட்டவர் பிறகு தொடவில்லை.

டிசம்பர் முதலாம் திகதி நாலு கிழமை முடிந்தது. மாமாவுக்கு மூன்று, மருமகனுக்கு இரண்டு. "அந்த ஃபிரெண்டிட்டைக் குடுங்கோ" என்று இரண்டு பேருக்கும் சேர்ட்டிபிக்கட் கொடுத்தேன். றமணன் அன்றிரவே பிள்ளையைத் தூக்கினார். அடுத்தது அண்ணை. ஆனால் மறுநாள் கோட்டைத் தோய்க்கக் கொடுக்க எடுத்த கோசிகாவின் கையில் அந்த மின்சாரச் சாமான் அகப்பட்டது. அவள் எனக்குப் போனில் அழுதாள். "அக்கா, அப்பா முந்தியும் நாலு தரம் விட்டவர். நாலு தரமும் பொய். சனிக்கிழமை பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள், துடக்குக் கழிவு. நீங்கள் மெசினைக் கொண்டு வாங்கோ. எனக்கு முன்னாலை ஊதட்டும். பத்துக்கு மேலை காட்டினால், இந்த ஜென்மத்திலை அவர் சொல்லுற ஒண்டையும் நான் நம்பமாட்டன்."

அண்ணை ஒரு மாதமாக அறை வாசலில் நின்றுதான் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலைத் தாண்டியதில்லை.

சனிக்கிழமை போனேன். கதவைத் திறந்ததும் கமகமவென்று சாம்பிராணி. எனக்குச் சேர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஞாபகம் வந்து மனம் குளிர்ந்துபோனது. இரண்டு தரம் தும்மியும் விட்டேன். கோசிகா குளித்துவிட்டுத் தலையை விரித்துக்கொண்டு இருந்தாள். பிள்ளை மேல்மாடியில் நித்திரை, றமணன் காவல். யோகலிங்கம் அண்ணை புது வேட்டியோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "தாங்கோ தங்கச்சி, ஊதிக் காட்டுறன்."

பதினைந்து செக்கன் பிடித்தார். ஊதினார். இலக்கம் ஏறியது. ஐந்து, எட்டு, பதினொன்று. பதினாலில் நின்றது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாலு கிழமை இந்த மனிசனை நம்பினேனே என்று பத்திக்கொண்டு வந்தது. "என்ன அண்ணை இது? இண்டைக்கு ஒரு நாள் பொறுக்க ஏலாமல் போச்சோ?" என்று கத்திவிட்டேன். கோசிகா முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதுதான் பொல்லாதது. அண்ணை மெசினைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "நான் குடிக்கேல்லைப் பிள்ளை" என்று ஒரு தரம் மட்டும் சொன்னார். ஐந்தாம் தரமும் அதையே சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்கவேண்டும். பிறகு வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைத் தேடத் தொடங்கினார்.

சத்தம் கேட்டு றமணன் படியிறங்கி வந்தார். "மாமா குடிக்கேல்லை" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? காலமை முழுக்க நீங்கள் மேலை நிண்டனீங்கள்" என்றாள் கோசிகா.

றமணன் மாமாவின் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு நாளாய் எனக்குக் குடிக்கவேணும்போலை வந்த நேரமெல்லாம் அவர் எனக்குப் பக்கத்திலை நிண்டவர். அவருக்கு வந்த நேரமெல்லாம் நான் நிண்டனான். அவருக்கு எப்ப வருகுதெண்டு எனக்குத் தெரியும், இடது கை பொக்கற்றைத் தடவும். இண்டைக்குக் காலமை நான் படியாலை எட்டிப் பாத்த நேரமெல்லாம் தடவேல்லை." ஆறு வருடத்தில் முதல் தரமாக அந்த வீட்டில் ஒருவர் உண்மையைச் சத்தமாகச் சொன்னார். அண்ணையின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அந்த நேரம் குசினிக்கதவு திறந்தது. கலாவதி அக்கா ஒரு தட்டம் நிறையத் தணலும் புகையுமாக உள்ளே வந்தா. "இஞ்சை விலத்துங்கோ, கோசிகாவின்ரை தலைக்கு இன்னொருக்காப் புகை பிடிக்கவேணும். இவர் காலமை ரெண்டு மணித்தியாலம் குனிஞ்சு நிண்டு ஊதி ஊதித்தான் இந்தக் கரி பத்தினது. பார்பிக்யூக் கரி, லேசிலை பத்துதில்லை. யன்னலை ஒருத்தரும் திறந்துபோடாதையுங்கோ, பிள்ளைப்பெத்தவளுக்குக் குளிர் கூடாது."

நான் நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டேன். அட விசரி! கார்பன் மொனொக்சைட் பற்றி வகுப்பெடுக்கிறவள், பூட்டின வீட்டுக்குள் கரித்தணலை மணந்துகொண்டு நின்று மனம் குளிர்ந்திருக்கிறேன்.

"அக்கா, இதுக்குள்ளை ஊதுங்கோ."

"நானோ? நான் சிகரெட்டைக் கையாலையும் தொட்டதில்லை."

"ஊதுங்கோ!"

பதினேழு.

கலாவதி அக்கா கத்தின கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அடுத்து கோசிகாவின் வாயில் வைத்தேன். சட்டம் போட்டவள், துண்டுப்பிரசுரம் படித்தவள், பன்னிரண்டு. றமணன் ஊதினார். மேல்மாடியில் யன்னலை நீக்கி வைத்துக்கொண்டு பிள்ளையோடு இருந்தவர், இரண்டு. அப்பாடா, பிள்ளை தப்பினான். தட்டத்தைத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்தேன், யன்னலெல்லாம் திறந்தேன், எல்லாரையும் குளிருக்குள் துரத்தினேன். கோசிகா தகப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். "என்ரை சட்டப்படி இப்ப நானும் பிள்ளையைத் தூக்கேலாது அப்பா!"

மாமாவும் மருமகனும் தோட்டத்தில் வெறுங்கையோடு முகம் பார்த்து நின்றார்கள். குந்துவதற்குக் குப்பைத்தொட்டி தேவைப்படவில்லை.

"தம்பி, நீங்கள் எந்தப் பிராண்ட்?"

றமணன் சொன்னார். அண்ணை வாயில் கை வைத்தார். "அட, அதுதானே என்ரையும்! எங்கை வாங்கினனீர்?"

"இல்ஃபோர்ட்டிலை மாமா. உங்கடை கடைக்கு எப்பிடி வாறது?"

"ஆறு வருசமாய் லண்டனைக் குறுக்கை வெட்டிப் போய்..." அண்ணை வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

வீடு காற்றாடி முடிந்தபின் கோசிகா மேலே போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்தாள். அண்ணையைச் சோபாவில் இருத்தி, மடியில் தலகணி வைத்து, பேரனைக் கொடுத்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தார். முப்பத்திரண்டு நாள் புகைக்காத மூக்குக்கு என்ன மணத்ததோ, "ஐயோ, இப்பிடியும் ஒரு வாசமோ" என்று மட்டும் சொன்னார். கால் மணித்தியாலம் அசையாமல் இருந்தார்.

கலாவதி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "காணும், இனி என்னட்டைத் தாங்கோ" என்று கையை நீட்டினா.

யோகலிங்கம் அண்ணை பிள்ளையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இவவை இன்னொருக்கா ஊதச் சொல்லுங்கோ. பத்துக்குக் கீழை வரட்டும், தாறன்."